பதியம் போட்ட மல்லிகை



இம்மாதம் இந்தப் பக்கத்தில் மிஷனெரி ஒருவருடைய சரித்திரத்தை நான் எழுதப்போவதில்லை. எந்தப் புத்தகத்திலும் பெயர் ஏறாத ஒரு தாயாரை நினைவுகூர விரும்புகிறேன். கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பகுதியின் லைன் வீடு ஒன்றில் நெடுங்காலம் வாழ்ந்து, பின்பு பெங்களூரில் மகனோடு தங்கியிருந்து, சென்ற ஆண்டு தமது 83-ஆம் வயதில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சபையார் அவரைப் 'பூச்செடி அம்மா' என்றே அழைத்தோம். அந்தப் பெயரில் என் பங்கு ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் அவரைக்குறித்து எழுத எனக்கு நியாயமில்லை.

தங்கவயலை அறிந்தவர்களுக்கு, அங்கே தோட்டமா என்ற வியப்பு உண்டாகும். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து கல்லை வெட்டியெடுத்து, மாவாக அரைத்து, சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தபின் கொட்டிய கழிவு மண் மலைமலையாய்க் குவிந்திருக்கும் ஊர் அது. காற்றடி காலத்தில் அந்தத் தூசி சோற்றிலும் விழும். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துசேர்ந்த ஊர்தான். ஆனாலும் லைன்களில் குழாயடியில் குடங்கள் வரிசையாகக் காத்திருந்தன.

அந்த இடத்தில், தம் வாசலுக்கும் சாக்கடைக்கும் நடுவே இரண்டு முழ அகலத்தில் அம்மா தோட்டம் வைத்திருந்தார். பழைய மண்ணைத் தோண்டி அகற்றி, செம்மண்ணைக் கூடையில் தலைச்சுமையாகக் கொண்டுவந்து நிரப்பி, சாணமும் அடுப்புச் சாம்பலும் கலந்து அந்த நிலத்தை அவரே உண்டாக்கினார். அரிசி கழுவிய தண்ணீரில் ஒரு சொட்டும் வீணாகாது. காற்றடிக்கும் மாதங்களில் பழைய சேலை ஒன்றைக் குச்சிகளில் கட்டி மறைப்பு வைப்பார். கறிவேப்பிலை, முருங்கை, பப்பாளி, அவற்றோடு தூதுவளையும் கற்பூரவள்ளியும் இருந்தன. கடைசி இரண்டும் கணவருக்காக. சுரங்கத்தில் பாறையைத் துளைபோட்ட அவருடைய நுரையீரலில் கல்தூசு படிந்திருந்தது. அந்த இலைகள் நோயைத் தீர்க்கவில்லை. தொண்டைக்குச் சற்று இதமாயிருந்தன, அவ்வளவே. சுகத்திற்காக நாங்களும் உபவாசித்து ஜெபித்தோம். 1998-ல் அவர் மகிமைக்குள் பிரவேசித்தார். மறு ஞாயிறும் வழக்கம்போல் அம்மாவே சபையைக் கூட்டிப் பெருக்கி, பாய்களை விரித்தார்.

தோட்டத்தின் ஓரத்தில் நான்கு குண்டுமல்லிச் செடிகள் இருந்தன. அவற்றைக்குறித்தே சொல்ல வந்தேன்.

1996-ல் வேதாகமக் கல்லூரிப் படிப்பை முடித்து, வைராக்கியத்தோடு அவ்வூருக்கு ஊழியனாகச் சென்றேன். நம்முடைய சபைகளில் சகோதரிகள் பூச்சூடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு ஞாயிறு, 1 பேதுரு மூன்றாம் அதிகாரத்திலிருந்து அலங்காரத்தைக்குறித்துப் பிரசங்கித்தபோது, 'தலையில் வைக்காவிட்டால் போதுமா? வாசலில் வளர்ப்பது எதற்கு?' என்று கேட்டுவிட்டேன். சபை முழுவதும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. மறுநாள் காலையில் அவ்வழியே சென்றேன். நான்கு செடிகளும் வேரோடு சாக்கடை ஓரத்தில் கிடந்தன.

"ஞானஸ்நானம் எடுத்த நாள்முதல் ஒரு பூவும் நான் வைத்ததில்லை, பாஸ்டர். ஆனாலும் உங்க மனசுக்கு பாரமா இருந்தா அது எனக்கு வேண்டாம்" என்று சொல்லி, காபி கொடுத்தார். நான் அதை ஊழியத்தின் கனி என்று எண்ணினேன். மூப்பரிடம் சந்தோஷமாய்ச் சொல்லவும் செய்தேன்.

அந்தப் பூக்கள் எங்கே போயின என்று நான் கேட்கவில்லை. அவருக்கு ஒருபோதும் தேவைப்படாத பூவை எதற்காக வளர்த்தார் என்றும் யோசிக்கவில்லை.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. குடும்பங்கள் ஒவ்வொன்றாய்ப் புறப்பட்ட நாட்களில், அதே லைனில் குடியிருந்த விதவைத் தாயார் ஒருவர் எனக்கு விடையைச் சொன்னார். அவர் நம்முடைய விசுவாசி அல்ல. அம்மா நாள்தோறும் பறித்துக் கொடுத்த அரும்புகளைத் தொடுத்து, முழம் போட்டு விற்று, அந்தக் காசில் பிள்ளைகளுக்கு மாலைநேர ஆகாரத்தை வாங்கியிருக்கிறார். செடிகள் போனபின், அம்மா தம் வீட்டு அரிசியில் வாரந்தோறும் ஒரு படி அளந்து கொடுத்திருக்கிறார். இதில் ஒரு வார்த்தையும் என் காதுக்கு வரவில்லை.

"நீங்க பிடுங்கவெச்ச செடியோட பதியம் என் வாசல்ல இருக்குது" என்றார் அந்தத் தாயார். பதியம் அறியாத இளைஞருக்காகச் சொல்லுகிறேன். தாய்ச்செடியின் தாழ்ந்த கிளையை வளைத்து, அடிப்பட்டையைச் சற்றே சீவி, மண்ணில் புதைத்துக் கல் வைப்பார்கள். ஈரம் காயாமல் காத்தால், சில வாரங்களில் அங்கே வேர் பிடிக்கும். அதன்பின்பே தாயிலிருந்து அறுத்தெடுக்க வேண்டும். அவசரப்பட்டால் இரண்டும் வாடும். என் பிரசங்கத்திற்கு முன்பே அம்மா அவருக்கு ஒரு கன்றைக் கொடுத்திருந்தார்.

அன்று மாலையே அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "செடிதானே பாஸ்டர்" என்றார். அதற்குமேல் அதைப்பற்றிப் பேசவில்லை.

பெங்களூரில் அவருக்குக் கிடைத்தது மொட்டைமாடியின் ஒரு மூலை. பெயிண்ட் டப்பாக்களின் அடியில் துளையிட்டுக் கீரையும் தக்காளியும் போட்டார். வாடகை வீட்டில் எதற்கு இந்தப் பாடு என்று மருமகள் கேட்டபோது, எரேமியா 29-ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னாராம். சொந்த ஊரைவிட்டுக் கொண்டுபோகப்பட்டவர்களைத் தோட்டங்களை நாட்டும்படி தேவன் சொன்ன நிருபம் அது. வாடகை வீடுகளில் வாழுகிற நீங்களும் ஒருமுறை வாசியுங்கள். அந்த டப்பாக்களில் ஒன்றில் குண்டுமல்லி இருந்தது. விதவைத் தாயாரின் மகள், மாரிகுப்பம் ரயிலில் ஈரத்துணி சுற்றி எடுத்துவந்த பதியம்.

அடக்க ஆராதனைக்கு அந்தத் தாயாரும் மகளும் வந்திருந்தார்கள். கையில் ஒரு வாழையிலைப் பொட்டலம். கல்லறைத் தோட்டத்தின் வாசலிலேயே நின்று, உள்ளே வரலாமா என்று என் முகத்தைப் பார்த்தார்கள். நான் போய் அதைக் கையில் வாங்கினேன். பிரித்தபோது, அரும்புகள் இன்னும் மலர்ந்திருக்கவில்லை. அவற்றை அம்மாவின் கையருகே நானே வைத்தேன்.