மணற்சுவர் தீர்வாகாது
மேற்குச் சகாராவின் கெர்கெராத் ராணுவமற்ற இடைப்பகுதிக்குள் 2020 நவம்பர் 13 அன்று மொராக்கோ ராணுவம் நுழைந்ததும், மறுநாளே, மொராக்கோவிடமிருந்து அப்பகுதியின் விடுதலை கோரும் போலிசாரியோ முன்னணி போர் நிறுத்தத்தைக் கைவிட்டதும் 29 ஆண்டுக்கால அமைதியைக் குலைத்துவிட்டன. மௌரித்தானியா செல்லும் சாலையைச் சகாராவி போராட்டக்காரர்களின் மறியலிலிருந்து மீட்கவே படை சென்றது என்கிறது மொராக்கோ. படை நுழைந்ததே உடன்பாட்டு மீறல் என்கிறது போலிசாரியோ. வணிகப் பாதையை மறிப்பது முறையல்ல. ஆனால், மறியலுக்குப் பின்னாலுள்ள மனக்குறை நெடுநாளையது. மேற்குச் சகாராவின் சகாராவி மக்களுடைய சுயநிர்ணய உரிமையை சர்வதேச நீதிமன்றம் 1975-லேயே உறுதிசெய்தது. 1991 போர் நிறுத்தத்தின்போது உறுதியளிக்கப்பட்ட பொது வாக்கெடுப்போ, யார் வாக்காளர் என்ற தகராறில் முடங்கிப்போனது. ஆயுதமும் இந்தச் சிக்கலைத் தீர்த்ததில்லை. 1981-ல் மேற்குச் சகாராவின் கெல்தா செம்மூரில் போலிசாரியோ கெரில்லாக்கள் மொராக்கோ ராணுவத்துக்குப் பேரிழப்பை ஏற்படுத்தினர். மொராக்கோ சுமார் 2,700 கி.மீ. நீள மணற்சுவரை எழுப்பி அவர்களைத் தடுத்தது. இரு தரப்புக்கும் முழு வெற்றி கிட்டவில்லை; அல்ஜீரியாவின் திந்தூஃப் முகாம்களில் அகதிகளின் தலைமுறைகள்தாம் பெருகின. எனவே, இரு தரப்பும் உடனே துப்பாக்கியைத் தாழ்த்த வேண்டும். 2019 மே முதல் 2021 வரை சிறப்புத் தூதர் பதவியைக் காலியாக விட்டிருந்த ஐ.நா. இனியும் தாமதிக்கக் கூடாது. வாக்கெடுப்புக்குக் காலக்கெடு குறிக்க வேண்டும். அந்த மண்ணின் எதிர்காலத்தை அதன் மக்களே தீர்மானிப்பதுதான் நீதி.