எதிராளி கையில் என்ன சீட்டு?

மண்டகப்பட்டிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "என் தம்பி போக்கர் போட்டிகளில் பணம் கட்டி ஆடப் போகிறானாம். எதிராளியின் கையைக் கண்டுபிடித்துவிடலாம், அதிர்ஷ்டத்துக்கு அதில் வேலையே இல்லை என்கிறான். நிஜந்தானா?"

பாதி நிஜம், அம்மணி!

வீட்டில் ஆடும் ரம்மியையே எடுத்துக்கொள்ளுங்களேன். நீங்கள் போட்ட ஆடுதன் ஏழை எதிரே இருப்பவர் லபக்கென்று எடுத்துக்கொள்கிறார். அப்புறம் ஆடுதன் எட்டு உங்கள் கையை விட்டு இறங்குமா? இறங்கவே இறங்காது! விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து ஆட வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று சுப்ரீம் கோர்ட்டே 1968-ல் சொல்லியிருக்கிறது.

போக்கரில் பிரபலமான வகையில் ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக இருக்கும். நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் தெரியும்படி விழும். 52 சீட்டில் இரண்டு சீட்டு 1,326 விதமாக அமையலாம். கெட்டிக்கார ஆட்டக்காரர், 'இன்ன சீட்டுதான்' என்று ஆரூடம் சொல்வதில்லை. 'முதலிலேயே பணயத்தை ஏற்றினாரே, அப்படியானால் மட்டமான கை இராது' என்று, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி, ஆகாதவற்றைக் கழித்துக்கொண்டே வருவார். எதிராளிக்கு ஏஸ் ஜோடி அமைய 6 வழி உண்டு. நம் கையிலேயே ஓர் ஏஸ் இருந்துவிட்டால் 3 வழிதான்!

சரி, மீதிப் பாதி? எதிராளியும் நம்மைப் படிக்கிறாரே! நல்ல கையை வைத்துக்கொண்டே நோஞ்சான் போல நடித்தால்?

1988-ல் லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் போட்டியில் கடைசியாக மிஞ்சியவர்கள் ஜானி சான், எரிக் சைடல் இருவரும். நடுவில் ராணி, பத்து, எட்டு. சானின் கையில் ஜாக்கும் ஒன்பதும். வரிசையாக ஐந்து சேர்ந்துவிட்டது! ஆனாலும் மனிதர் கடைசிச் சீட்டு விழுந்த பிறகும் பணயம் வைக்காமல் பூனை மாதிரிப் பதுங்கினார். ராணி ஜோடி வைத்திருந்த சைடல், 'இவரிடம் ஒன்றும் இல்லை' என்று நம்பித் தம்மிடம் இருந்த அத்தனையையும் தள்ளினார். தீர்ந்தது ஆட்டம். சைடல் சாமானியர் அல்ல. பிற்காலத்தில் பல பட்டங்களை வென்றவர். அவருக்கே அந்தக் கதி!

பொதுவாக இத்தகைய போட்டிகளில் பத்துக்கு எட்டுப் பேராவது வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள். திறமை இருப்பது உண்மை. அது நம் தம்பியிடம்தான் அதிகம் இருக்கிறது என்பதற்கு என்ன உத்தரவாதம்? இணையத்தில் பணம் கட்டி ஆடுவதை, திறமையோ அதிர்ஷ்டமோ, எதுவானாலும் கூடாதென்று 2025-ல் மத்திய அரசின் சட்டம் தடுத்துவிட்டது.

ஆகவே, சகோதரி, தம்பியை வீட்டிலேயே உட்கார வைத்து ஆடுங்கள். பணயத்துக்கு ஒரு படி புளியங்கொட்டை போதும். ஒரு மாதம் கழித்து எண்ணிப் பாருங்கள். அவன் பக்கத்துக் குவியல் கரைந்திருந்தால், நான் சொல்ல வேண்டியதை அதுவே சொல்லிவிடும்!