ஒரு நாணயம், இரண்டு பேர்: ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2

வீடியோ கேம் என்றாலே "பிள்ளைகள் கெட்டுப் போகும்" என்ற ஒரே பாட்டைத்தான் நாம் பாடுகிறோம். ஆன்லைன் ரம்மி விவகாரத்துக்குப் பிறகு அந்தப் பாட்டின் சத்தம் இன்னும் கூடிவிட்டது. சூதாட்டத்தையும் விளையாட்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது நியாயமில்லை என்பது என் கருத்து. அதற்குச் சாட்சியாக ஒரு பழைய ஆட்டத்தைக் கூப்பிடுகிறேன். அதன் பெயர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2.

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரை 1987-ல் வெளியிட்டது. அதில் இரண்டு பேர் மோதினால் ரியூ, கென் என்ற இருவர்தான் கிடைப்பார்கள். ஆள் வேறு, அடி ஒன்றே. 1991-ல் வந்த இரண்டாம் பாகம்தான் உலகத்தையே புரட்டிப் போட்டது. தேர்ந்தெடுக்க 8 பேர், ஆளுக்கொரு பாணி. குத்துக்கு 3 பட்டன், உதைக்கு 3 பட்டன். வேகமான அடி வலிக்காது, வலிக்கிற அடி வேகமாக வராது.

இது நமக்குப் புதிதா என்ன? ஆடுபுலி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஆட்டின் பலம் வேறு, புலியின் பலம் வேறு. ஆனாலும் ஆட்டம் நியாயமாகத்தான் போகும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ன் வெற்றி ரகசியமும் அதேதான். அடியைத் தடுக்கலாம், தடுத்து நிற்பவனைப் பிடித்துத் தூக்கி எறியலாம், பிடிக்க வருபவனை முந்திக்கொண்டு அடிக்கலாம். எதிராளி அடுத்து என்ன செய்வான் என்று ஊகிப்பதுதான் பாதி ஆட்டம்.

நம்ம ஊர் ஆளும் அதில் உண்டு. தால்சிம்! கையும் காலும் ரப்பர் மாதிரி நீளும், வாயிலிருந்து தீ வரும், கழுத்தில் மண்டையோட்டு மாலை, பின்னால் வரிசையாக யானைகள். இந்தியா என்றால் யோகாவும் யானையும்தான் என்று நினைத்தவர்கள் வரைந்த படம் அது. சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் கோபமும் வருகிறது. ஆனால் ஆடிப் பார்த்தால், தூரத்தைக் கணக்குப் போட்டுப் பொறுமையாக ஆடுகிறவனுக்கான ஆள் அவர்தான். :)

ஒரு அடிக்குப் பின்னால் இன்னொரு அடியை எதிராளி தடுக்க முடியாதபடி கோக்கும் "காம்போ" பிறந்த கதையும் சுவையானது. காரை அடித்து நொறுக்கும் போனஸ் சுற்றைச் சோதிக்கும்போது தயாரிப்பாளர் நோரிடகா ஃபுனாமிசு இதைக் கவனித்தார். யாரும் திட்டமிட்டு வைத்ததல்ல. கண் இமைக்கும் நேரத்தில் செய்யவேண்டும் என்பதால், யாருக்கும் பெரிதாக வராது என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டார்கள். ஆடியவர்கள் அதைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். இன்று காம்போ இல்லாத சண்டை ஆட்டமே இல்லை. 1992-ல் மார்ட்டல் காம்பட், 1994-ல் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ், டெக்கன் என்று ஒரு பரம்பரையே கிளம்பியது.

ஆனால் என்னைப் பொறுத்தவரை இதன் பெரிய பாதிப்பு திரைக்கு வெளியேதான் நடந்தது. ஜெயித்தவன் நிற்பான், தோற்றவன் நகர்வான், அடுத்தவன் நாணயம் போடுவான். முன்பின் தெரியாதவன் தோளோடு தோள் நின்று ஆடினான். தோற்றவன் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தே கற்றுக்கொண்டான்.

இப்படி வளர்ந்தவர்கள் எங்கே போனார்கள்? 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 பதக்கப் போட்டியாக இருந்தது. தங்கம் வென்ற தென்கொரியாவின் கிம் குவான் வூவுக்கு அப்போது 44 வயது! 1991-ல் அவர் சின்னப் பையன். லாகூரின் ஆர்கேட் கடைகளில் வளர்ந்த அர்சலான் ஆஷ், 2019-ல் ஜப்பானிலும் லாஸ் வேகஸிலும் நடந்த இவோ போட்டிகள் இரண்டிலும் டெக்கன் பட்டத்தை வென்றார். லாகூரில் நம்மிடம் இல்லாத பணமோ இணைய வேகமோ இருந்ததா? இல்லை. கூடி ஆட ஓர் இடம் இருந்தது, அவ்வளவுதான்.

நம் ஊர்களிலும் மணிக்கணக்குக்குக் காசு வாங்கிய வீடியோ கேம் கடைகள் இருந்தன. அங்கே ராஜா, கேப்காமின் இன்னொரு ஆட்டமான "முஸ்தபா". அந்தக் கடைகளில் பெரும்பாலானவை மூடிவிட்டன. செல்போன் வந்ததும் ஆட்டம் ஆளாளுக்குத் தனியறைக்குள் போய்விட்டது. ரம்மி வலை விரித்ததும் அந்தத் தனியறையில்தான். ஆர்கேட்டும் காசைத் தின்றதுதான், மறுக்கவில்லை. ஆனால் தோற்றால் போவது போட்ட நாணயம் மட்டும். ரம்மியில் போவது சம்பளம்.

சட்டமே இப்போது வித்தியாசம் பார்க்கிறது. 2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டுத் துறையின் கீழ் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை விதித்தது. இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரித்தது. சட்டத்துக்குப் புரிந்தது நமக்கும் புரியவேண்டாமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட், காக்களூர் சிட்கோ பக்கம் வந்து பாருங்கள். ஒடிசா, பீகார் இளைஞர்களும் நம்ம பையன்களும் ஒரே ஷிப்டில் வேலை செய்கிறார்கள், ஒரே டீக்கடையில் நிற்கிறார்கள். ஆனால் பேச்சு அதிகம் இல்லை. ஷிப்ட் முடிந்தால் ஆளுக்கொரு செல்போன். கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் மைதானமும் ஆளும் வேண்டும். இதற்கு இரண்டு பேர் போதும், மொழி வேண்டாம், மழை வந்தாலும் ஆடலாம்.

நான் கேட்பது பெரிதல்ல. ஒரு நூலகத்தின் மூலையிலோ சமுதாயக் கூடத்திலோ ஒரு டிவி, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு கன்ட்ரோலர். ஸ்ட்ரீட் ஃபைட்டரின் பழைய பாகங்கள் 12-ஐ ஒரே தொகுப்பாக 2018-ல் கேப்காமே வெளியிட்டிருக்கிறது. சாதாரணக் கம்ப்யூட்டரிலும் ஓடும். மாலை 6 முதல் 9 வரை திறந்து வைத்தால் போதும். பந்தயம் கூடாது என்று ஒரு போர்டு. ஜெயித்தவன் நிற்கட்டும், தோற்றவன் வரிசைக்குப் போகட்டும்.

அர்சலான் ஆஷ் மாதிரி ஒருவர் இங்கிருந்து வருவாரா? வரலாம், வராமலும் போகலாம். ஆனால் ஒரே ஷெட்டில் வேலை பார்த்தும் பெயர் தெரியாத இரண்டு பேர், ஒருவர் பெயரை இன்னொருவர் தெரிந்துகொள்வார்கள். அதற்காகவே செய்யலாம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?