உறை அறுவதற்கு மருந்தா காரணம்?

சுட்ட பித்தளை உறையில் புதிய வெடிமருந்தும் குண்டும் இட்டு ரைஃபிள் தோட்டாவைக் கையால் நிரப்பும் அமெரிக்க வழக்கத்தில், உறை அடிக்குச் சற்று மேலே வட்டமாக அறுந்தால், மருந்து மிகுந்ததே காரணம் என்றும் அளவைக் குறைத்தால் கோளாறு தீரும் என்றும் வாதிடப்படுகிறது. மிகை மருந்து ஆபத்தானது என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்தக் கோளாற்றின் வேர் பெரும்பாலும் வேறிடத்தில் உள்ளது.

.30-06 போன்ற விளிம்பு துருத்தாத தோட்டா, சேம்பர் எனப்படும் வெடியறையில் தன் தோளை, அதாவது உறை கழுத்தை நோக்கிக் குறுகும் சரிவை, முட்டுக்கொடுத்தே நிற்கிறது. விரிந்த உறையைப் பழைய அளவுக்கு அழுத்தும் அச்சு வரம்புமீறி இறக்கப்பட்டால், தோள் பின்தள்ளப்பட்டு, உறையின் அடிக்கும், அறையைப் பின்னிருந்து மூடும் போல்ட்டின் முகத்துக்கும் இடையே வெற்றிடம் உண்டாகிறது. வெடிக்கும்போது மெல்லிய முன்சுவர் அறையைப் பற்றிக்கொள்ள, தடித்த அடி மட்டும் பின்னோக்கி நகர்வதால், இடைப்பட்ட பித்தளை ஒவ்வொரு முறையும் இழுபட்டு மெலிந்து இறுதியில் அறுகிறது.

மருந்தை மிகவும் குறைத்தால் அடி பின்வராமல் பிரைமர், அதாவது தீமூட்டும் சிறு கிண்ணம், வெளியே துருத்தி நிற்கும். உறை இழுபடாததைக் குணம் என்று கொள்வது தவறு, ஏனெனில் பிரைமரின் உந்தலே தோளை மேலும் பின்தள்ளக்கூடும்.

திருத்தப்பட வேண்டியது அச்சின் நிலையே: போல்ட்-வகை ரைஃபிளில் தோள் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் பின்சென்றாலே போதும். வளைத்த கம்பியால் உட்சுவரைத் தடவும்போது பள்ளம் தட்டுப்படும் உறை எந்த மருந்தளவுக்கும் உதவாது. அது நசுக்கி எறியப்பட வேண்டியது.