பாட்டை விலைபேசுவோர் பாவலன் பெயரையும் சொல்லுக!

வானொலியில் ஒரு பாட்டு ஒலிக்கிறதென்றால், அதற்கு முன்பே இருவர் அமர்ந்து கணக்குப் பார்த்திருக்கின்றனர் என்பது பொருள். ஒருவர் வானொலி நிலையத்தார். மற்றவர் இசைத்தட்டு நிறுவனத்தார். "எம் பாட்டை வைத்தன்றோ நீர் விளம்பரம் பெறுகிறீர், அதற்குரிய பங்கைத் தருக" என்பார் தட்டு நிறுவனத்தார். "யாம் ஒலிபரப்புவதாலன்றோ உம் பாட்டு ஊரெங்கும் பரவி விலைபோகிறது" என்பார் நிலையத்தார். இருவர் கூற்றிலும் ஓரளவு ஞாயம் உண்டு. ஆனால், சொல்லைக் கோத்த பாவலனும் அதற்குப் பண் அமைத்தவனும் இந்த வழக்கில் எங்கே நிற்கின்றனர்? நாம் கேட்பது அதுவே.

இந்தப் பூசல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1952-இல் பா. வி. கேசுகர் என்பார் இந்திய அரசின் செய்தி ஒலிபரப்பு அமைச்சரானார். திரைப்பாட்டு அவருக்குக் கசப்பு. செவ்விசையே வேண்டும் என்பது அவர் கொள்கை. அரசு வானொலியில் திரைப்பாட்டின் அளவு சுருக்கப்பட்டது. படத்தின் பெயரைச் சொல்வது முதலாளிக்குக் காசில்லா விளம்பரமாகும். எனவே பாடியவர் பெயரை மட்டுமே சொல்லுவோம் என்றனர். வெகுண்ட படமுதலாளிகள் ஒலிபரப்பு இசைவையே திரும்பப் பெற்றுக்கொண்டனர். விளைவு யாது? மக்கள் அரசு வானொலியைக் கைவிட்டு இலங்கை வானொலிக்குச் செவி சாய்த்தனர். இரண்டாம் உலகப்போர்க் காலத்திலிருந்து கிடைத்த ஆற்றல்மிகு சிற்றலைக் கருவிகள் அவர்களிடம் இருந்தன. தமிழ் ஒலிபரப்பும் இருந்தது. விளம்பர வருவாயும் அங்கேயே போய்ச் சேர்ந்தது. இறுதியில் அரசே இறங்கிவந்து, 1957 அக்தோபர் 3-இல் விவித பாரதியைத் தொடங்கியது.

அன்று அவர்கள் சண்டையிட்டது படத்தின் பெயருக்காக என்பதை நினைவிற் கொள்க. பாவலன் பெயருக்காக அவ்விருவரில் எவரும் மல்லுக்கு நிற்கவில்லை.

1977-இல் வந்த தீர்ப்பு அவனை முற்றாகவே வெளியேற்றியது. முதலாளி கூலி கொடுத்துப் படத்திற்கென எழுதுவித்த பாட்டிற்கு, மாறான உடன்படிக்கை இல்லையெனில், அம் முதலாளியே முதல் உரிமையாளர் என்று இந்திய உச்ச முறைமன்றம் கூறிவிட்டது. பாடுவோர்க்கு அன்றைய சட்டத்தில் உரிமையே இல்லாமையைக் குறையாகக் கண்டு, சட்டமியற்றுவோர் இதனைக் கருதவேண்டும் என நடுவர் கிருட்டிணையர் தனிக் குறிப்பு எழுதினார். குறிப்பு ஏட்டில் இருந்தது, நடைமுறை மாறவில்லை. முதலாளியிடமிருந்து உரிமை தட்டு நிறுவனத்திற்குப் போயிற்று. அங்கிருந்து உரிமத் தொகைக்கு வானொலிக்குப் போயிற்று. எழுதியவன் ஒருமுறை பெற்ற கூலியோடு நின்றான்.

2001-இல் பெங்களூரில் தனியார் பண்பலை தொடங்கிற்று. பழைய பூசல் புது வடிவெடுத்தது. தட்டு நிறுவனங்கள் கேட்ட தொகை தாங்கொணாதது என நிலையங்கள் முறையிட்டன. ஏற்கவியலாத் தொகை கேட்பதும் உரிமம் மறுப்பதற்கு ஒப்பாகலாம். அந்நிலையில் வாரியம் தலையிட்டு உரிமம் அளிக்கலாம் என்று 2008-இல் உச்ச முறைமன்றம் தெளிவாக்கிற்று. 2010-இல் பதிப்புரிமை வாரியம், நிலையத்தின் நிகர விளம்பர வருவாயில் 2 விழுக்காடு கொடுத்தாற் போதும் என அறுதியிட்டது. இருவர்க்குமிடையே எல்லை வகுத்தாயிற்று; மூன்றாமவன் நிலை என்ன?

2012-இல்தான் விடிவு தோன்றியது. மாநிலங்களவையில் இருந்த இந்தித் திரைப்பாவலர் சாவேத் அக்தர் போன்றோர் வலியுறுத்த, பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. படம் திரையரங்கில் ஓடுவது நீங்கலாக, பிறவழிகளில் பாட்டு பயன்படும்போதெல்லாம் பாவலனுக்கும் இசையமைப்பாளனுக்கும் உரிமை பெற்றவரோடு நிகர்ப்பங்கு உண்டு. அதனை விட்டுக்கொடுக்குமாறு எவரும் எழுதி வாங்கவியலாது. 2020 திசம்பர் 31-இல் அறிவுடைமை மேன்முறையீட்டு வாரியம் ஒலிபரப்புக்கான விகிதங்களை வகுத்தது. அவ்வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டது. எனினும், தட்டு நிறுவனத்திற்குக் கொடுத்துவிட்டோம், பாவலனுக்கென வேறு தரவேண்டியதில்லை என்று நிலையங்கள் வாதிட்டபோது, 2023 ஏப்பிரலில் மும்பை உயர் முறைமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. தட்டினை ஒலிபரப்பும்போது அதனுள் அடங்கிய சொல்லும் பண்ணும் ஒலிபரப்பாகின்றன; அவற்றை ஆக்கியோர்க்கும் பங்கு உண்டு என்பது அதன் முடிவு.

இனி, பலரும் அறியாத ஒன்று. அதே 2012 திருத்தத்தின் 31ஈ பிரிவு, நிலையங்கள் உரிய தொகையைச் செலுத்தி, நிறுவனத்தாரின் இசைவுக்குக் காத்திராமல் ஒலிபரப்ப வழி திறந்தது. அவ்வழியில் நுழைவோர்க்கு ஒரு கடமையும் விதித்தது: ஆக்கியோர் பெயரையும் முதன்மையாகப் பாடியோர் பெயரையும் ஒலிபரப்போடு சேர்த்துச் சொல்லவேண்டும். இது வேண்டுகோளன்று; சட்டம்!

அன்பர்களே, ஒரு மாலைப்பொழுது பண்பலையைத் திறந்து கேட்டுப் பாருங்கள். எத்தனைப் பாட்டிற்குப் பாவலன் பெயர் சொல்லப்படுகிறது என எண்ணுங்கள். நகைவிற்பவன் பெயருக்கும் துணிவிற்பவன் பெயருக்கும் வேளை உண்டு; பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாய்ப் பிதற்றுதற்கு வேளை உண்டு; தமிழ்ச்சொல் தந்தவன் பெயருக்கு மூன்று நொடி இல்லையா? படம், பாவலர், இசையமைப்பாளர், பாடியவர் என்று அன்றைய இலங்கை வானொலி அறிவிப்பாளர் அடுக்கிச் சொல்லக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் நம்மிடையே உள்ளது. பாட்டின் வழியே பாவலனை அறிந்தது அத்தலைமுறை. பெயர் அறியப்படாதவன் பங்கு கேட்டால் எவர் செவிகொடுப்பார்? பெயரை மறைத்தல் பங்கை மறைத்தலின் முதற்படி என்க.

தட்டு நிறுவனங்கட்கு யாம் பகைவரல்லோம், நிலையங்கட்கும் பகைவரல்லோம். இருவரும் வாழட்டும். ஆனால், அவர்கள் விலைபேசுவது மூன்றாமவன் விளைத்த நெல்லை. எனவே, பெயர் சொல்லாத நிலையத்திற்கு ஒரு மடல் எழுதுங்கள். "பாவலர் யார்?" என்று மட்டும் கேளுங்கள். நூறு மடல் போய்ச் சேர்ந்தால் நூற்றொன்றாம் பாட்டிற்குப் பெயர் வரும். பெயர் வந்தபின் பங்கும் வரும்!