நிதிகளின் மேற்பார்வையும் வைப்பாளர் பாதுகாப்பும்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரங்களில் வசித்து, ஓய்வூதியத்தையும் வாடகை வருமானத்தையும் ஆயுட்கால மிச்சத்தையும் வைப்புகளில் போட்டு அவற்றின் வட்டியைக் கொண்டு ஜீவனம் நடத்தும் குடும்பங்களின் சங்கமாகிய நாங்கள், ‘நிதி’ என்னும் பெயரால் வழங்கும் பரஸ்பர சகாய ஸ்தாபனங்களைக் குறித்து எங்கள் அபிப்பிராயத்தைப் பகிரங்கமாக அறிவிப்பது கடமை என்று கருதுகிறோம். நிதிகள் ஒழிய வேண்டுமென்பது எங்கள் கட்சியன்று. அங்கத்தினர் ஒருவரை ஒருவர் முகமறிந்திருந்த காலத்துக்குப் போதுமானதாக இருந்த மேற்பார்வை, பெயரைக்கூட அறியாத ஆயிரக்கணக்கானவர்களின் பணம் ஓரிடத்தில் சேர்ந்த பின்னும் ஏறக்குறைய அப்படியே நீடிப்பது அநீதி என்பதும், வைப்பு ஓர் அளவைத் தாண்டிய நிதி ஒவ்வொன்றும் ரிசர்வ் வங்கியின் நேரடிப் பரிசோதனைக்கும் வைப்புக் காப்பீட்டுக்கும் உட்பட வேண்டும் என்பதுமே எங்கள் நிலைப்பாடு.

நிதி என்னும் ஏற்பாடு தமிழ்நாட்டு மண்ணில் வேரூன்றியது. மயிலாப்பூர் இந்து பர்மனெண்ட் பண்டு 1872-இல் தோன்றியபோது, சம்பளக்காரக் குடும்பங்களுக்குக் கடன் கொடுக்க வங்கிகள் முன்வரவில்லை. லேவாதேவிக்காரரின் வட்டியோ தாங்க முடியாததாக இருந்தது. குமாஸ்தாவும் உபாத்தியாயரும் வக்கீலும் மாதந்தோறும் செலுத்திய சிறு தொகைகளைத் திரட்டி, அவர்களுக்குள்ளேயே கலியாணச் செலவுக்கும் வீடு கட்டவும் நகையின் பேரிலும் மனையின் பேரிலும் கடனாகக் கொடுத்தார்கள். கடன் கேட்பவர் எந்தத் தெருவில் இருக்கிறார், அவர் குடும்பத்தின் யோக்கியதை என்ன என்பது நிர்வாகிகளுக்குத் தெரியும். நிர்வாகிகளின் நடத்தை அங்கத்தினர்களுக்கும் தெரியும். அந்தப் பரிச்சயமே அன்றைக்குப் பரிசோதனையாகவும் ஜாமீனாகவும் இருந்தது. இன்றும் இங்குள்ள முதியவர்கள் “பண்டுல போட்டிருக்கேன்” என்று சொல்லும்போது ஒலிக்கும் நிம்மதி, மூன்று நான்கு தலைமுறைகளாகச் சேர்ந்த விசுவாசத்தின் ஒலியாகும்.

விசுவாசம் மட்டும் பணத்தைக் காக்காது என்பதைச் சென்னை நகரம் அறியாததன்று. 1906 அக்டோபர் 22 அன்று, உத்தியோகஸ்தரும் மடங்களும் விதவைகளும் ஐயமின்றிப் பணம் போட்டு வைத்திருந்த அர்பத்நாட் கம்பெனி கதவடைத்தது. லண்டன் கூட்டாளியின் ஊக வியாபார நஷ்டங்களைச் சென்னையின் வைப்பாளர்கள் சுமக்க நேர்ந்தது. நஷ்டப்பட்டவர்களின் பக்கம் நின்ற மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர், புலம்பலோடு நிற்காமல் நண்பர்களைத் திரட்டி, 1907-இல் இந்தியன் வங்கி தோன்றக் காரணமாக இருந்தார். ஒரு வீழ்ச்சியிலிருந்து ஒரு ஸ்தாபனத்தையே உண்டாக்கிய அந்தத் தலைமுறையை நாங்கள் நன்றியோடு நினைக்கிறோம். பின்னர், 1960-இல் பாலாய் சென்ட்ரல் வங்கி வீழ்ந்ததன் பயனாக 1962-இல் வைப்புக் காப்பீட்டுக் கழகம் ஏற்பட்டது. அதனால் இன்று வங்கி ஒன்று முறிந்தாலும் வைப்பாளர் ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாய் வரை உத்தரவாதம் உண்டு. அந்த உத்தரவாதம் நிதிகளுக்கு இல்லை.

இல்லை என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? நிதியின் வைப்பு ரசீதில் பெயர், தொகை, வட்டி விகிதம், முதிர்வு நாள் எல்லாம் அச்சாகியிருக்கின்றன. பக்கத்துத் தெரு வங்கியின் ரசீதிலும் அவையே இருக்கின்றன. இரண்டையும் ஒரே பீரோவில் ஒரே உறையில் வைத்திருக்கும் மூதாட்டிக்கு, ஒன்றின் பின்னால் காப்பீடு நிற்கிறது, மற்றொன்றின் பின்னால் எதுவும் நிற்கவில்லை என்பதை அந்தக் காகிதங்கள் சொல்வதில்லை.

2024-ஆம் ஆண்டில், 150 ஆண்டுகளைக் கடந்திருந்த அதே மயிலாப்பூர் ஸ்தாபனத்தில் முதிர்ந்த வைப்புகள் உரிய நாளில் திரும்பவில்லை என்று வைப்பாளர்கள் பெருந்திரளாகப் புகார் செய்தார்கள். ஆகஸ்டு மாதத்தில் பொருளாதாரக் குற்றப்பிரிவினர் அதன் நிர்வாக இயக்குநரைக் கைது செய்தார்கள். குற்றம் யாருடையது என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் பொறுப்பு. அதில் நாங்கள் தலையிடவில்லை. நாங்கள் கேட்பது வேறு. வைப்பாளர் காவல் நிலையத்துக்குப் போகும் நாள் வரை, அந்தக் கணக்குகளைச் சென்று பார்க்க வேண்டியவர் யார்?

ஏட்டில் விதிகளுக்குக் குறைவில்லை. 2014-ஆம் ஆண்டு நிதி விதிகளின்படி அங்கத்தினரிடமிருந்து மட்டுமே வைப்பு வாங்கலாம். சொந்த நிதியின் இருபது மடங்குக்கு மேல் வைப்பு கூடாது. வைப்பில் பத்தில் ஒரு பங்கைத் தனியே வங்கியிலோ அஞ்சலகத்திலோ வில்லங்கமின்றி வைத்திருக்க வேண்டும். ஈடில்லாக் கடன் அறவே ஆகாது. நல்ல விதிகள்தாம். ஆனால் இவை அனுசரிக்கப்படுகின்றனவா என்று அறிய அரசுக்குள்ள சாதாரண வழி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்தாபனமே எழுதிக் கம்பெனிப் பதிவாளருக்கு அனுப்பும் அறிக்கைதான். நிதிகள் ரிசர்வ் வங்கியின் கீழன்றி மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் கீழ் இருப்பதால், வங்கியின் பெட்டகத்தையும் கடன் பத்திரங்களையும் புரட்டிப் பார்க்கும் பரிசோதகர் நிதியின் வாசலுக்கு வருவதில்லை. நகையை உரைகல்லில் தேய்த்துப் பார்க்காமல் ஒரு ரூபாயும் கடன் கொடுக்காத ஸ்தாபனத்தை, உரைத்துப் பார்ப்பவர் இல்லை.

கட்டுப்பாடு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமைச்சகத்தின் கணக்கே சாட்சி. 2014 முதல் 2019 வரை பதினாயிரத்துக்கும் மேற்பட்ட நிதிக் கம்பெனிகள் பதிவாயின; அவற்றில் முறையான அங்கீகாரம் கோரி விண்ணப்பித்தவை ஏறக்குறைய 2,300 மட்டுமே. 2022-இல் விதிகள் இறுக்கப்பட்டதை வரவேற்கிறோம். எனினும் அவை நுழைவாயிலைத்தான் காவல் செய்கின்றன.

ரிசர்வ் வங்கியின் பரிசோதனை வந்தால் சிறு நிதிகள் செலவு தாங்காமல் நசித்துப் போகும் என்று கௌரவமான நிர்வாகிகள் சிலர் எங்களிடம் வாதித்தார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆகவேதான் ஓர் அளவுக்கு மேற்பட்ட நிதிகளுக்கு மட்டும் அது போதும் என்கிறோம். காப்பீட்டுச் சந்தாவினால் வட்டி சிறிது குறையுமே என்பவர்களுக்கு, அந்தக் குறைவை ஏற்க எங்கள் அங்கத்தினர் மனப்பூர்வமாகச் சித்தமாயிருக்கிறார்கள் என்பதே பதில். மாநில அரசின் 1997-ஆம் ஆண்டு வைப்பாளர் நலப் பாதுகாப்புச் சட்டம், சொத்துக்களை முடக்கி ஏலம் விட்டுப் பங்கிட வழி செய்கிறது. அதன் உபயோகத்தை மறுக்கவில்லை. ஆனால் அது வீழ்ச்சிக்குப் பின் வரும் பரிகாரம். மருந்துச் செலவுக்கு மாத வட்டியை எதிர்பார்க்கும் எழுபது வயதினருக்கு ஏலம் முடியும்வரை காத்திருப்பது சாத்தியமன்று.

ஆகவே, இரண்டு பிரதானக் கோரிக்கைகளோடு இவற்றையும் கேட்கிறோம்: காப்பீடு வரும்வரை, இந்த வைப்புக்குக் காப்பீடு இல்லை என்னும் வாசகம் ஒவ்வொரு ரசீதிலும் தமிழில் பெரிய எழுத்தில் அச்சாக வேண்டும், ஆறுமாத அறிக்கை கிளைதோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும், முதிர்ந்த வைப்பு ஒன்று முப்பது நாள் கடந்தும் திரும்பாவிடில், அந்தச் செய்தியைப் பதிவாளருக்கு உடனே தெரிவிக்கும் கடமை நிதியின் கணக்காயரைச் சாரவேண்டும். இந்த அறிக்கையின் பிரதிகளை மத்திய அமைச்சகத்துக்கும், ரிசர்வ் வங்கியின் சென்னை அலுவலகத்துக்கும், தென்சென்னை, மத்திய சென்னைத் தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்புகிறோம். வருகிற பதில்களை அங்கத்தினர் கூட்டத்தில் வாசித்து, மேற்கொண்டு செய்ய வேண்டியதை அங்கேயே தீர்மானிப்போம்.