வெளிநாட்டில் ஐடி கம்பெனி: பதிவு செய்தால் விசா கிடைத்துவிடுமா? பழவேற்காட்டிலிருந்து ஒரு கணக்கு

‘ஏழே நாளில் வெளிநாட்டில் உங்கள் சொந்த ஐடி கம்பெனி!’ ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போனால் இப்படி ஒரு விளம்பரம் எப்படியும் வந்து நிற்கும். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தள்ளி இருக்கும் பழவேற்காடு ஏரிக் கிராமங்களிலும் அதே போன், அதே ரீல்ஸ்தான்.

இந்த மீனவக் குடும்பங்களில் இன்ஜினீயரிங், பி.சி.ஏ. முடித்த முதல் தலைமுறை வந்துவிட்டது. இன்னொரு பக்கம், ஏரியை நம்பிய பிழைப்பு ஆட்டம் காண்கிறது. முகத்துவாரத்தை அடிக்கடி மணல் மூடிக்கொள்கிறது. தெற்கே காட்டுப்பள்ளி, எண்ணூர் பக்கம் துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் நிற்கின்றன. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது. ‘பையன் வெளியே போய்ப் பொழச்சுக்கட்டும்’ என்று வீட்டில் நினைப்பதில் தப்பே இல்லை. ஆனால் அதற்காக அம்மாவின் நகையும் அப்பாவின் படகும் அடகுக்குப் போகும் என்றால், விளம்பரம் சொல்லாத கணக்கையும் பார்த்துவிட வேண்டும்.

கம்பெனி வேறு, விசா வேறு, வரி வேறு

வெளிநாட்டில் தொழில் என்றால் அதில் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, அந்த நாட்டில் கம்பெனியைப் பதிவு செய்வது. இரண்டு, அங்கே தங்கி வேலை பார்க்கும் அனுமதி. மூன்று, எந்த நாட்டுக்கு வரி கட்டுவது என்பது. ஏஜென்ட்டுகள் பெரும்பாலும் விற்பது முதலாவதை. வாங்குகிறவர் அதில் மற்ற இரண்டும் அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

பழவேற்காட்டுக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். ஏரியில் ‘பாடு’ முறை இருக்கிறதே? சொந்தமாக வலை வைத்திருந்தால் மட்டும் நல்ல இடத்தில் இறால் வலை கட்டிவிட முடியாது. ஊரின் பாட்டில் உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும், அன்றைக்கு அந்த இடம் உங்கள் முறையாகவும் இருக்க வேண்டும். கம்பெனி என்பது வலை. விசா என்பது பாடு.

டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்கே இதுதான் நடந்தது. பழவேற்காட்டில் வியாபாரம் செய்ய 1610-ல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி வாங்கினார்கள். கெல்ட்ரியா கோட்டை எழுந்தது அதற்கு அப்புறம், 1613-ல்.

எந்த நாட்டில் என்ன நிலைமை?

அமெரிக்கா: இந்தியாவில் உட்கார்ந்தபடியே அங்கே ஒரு எல்எல்சி பதிவு செய்யலாம். ஆனால் அது விசா தராது. ஸ்டார்ட்அப்புக்கென்று அங்கே தனி விசாவே கிடையாது. முதலீட்டாளர்களுக்கான இ-2 விசா, ஒப்பந்தம் உள்ள நாடுகளுக்கு மட்டும்தான். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. 2025 செப்டம்பர் 21 முதல், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதிக்கப்பட்டது.

பிரிட்டன்: 2023 ஏப்ரலில் ‘இன்னவேட்டர் ஃபவுண்டர்’ விசா வந்தது. முன்பிருந்த 50,000 பவுண்ட் முதலீட்டு நிபந்தனை இதில் இல்லை. ஆனால் அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஒன்று, உங்கள் ஐடியா புதுமையானது, நடைமுறையில் ஓடக்கூடியது, வளரக்கூடியது என்று சான்று தர வேண்டும். ‘வெப்சைட் செய்து தருவோம், சப்போர்ட் கொடுப்போம்’ என்கிற வழக்கமான ஐடி சேவை இதில் தேறுவது கஷ்டம்.

சிங்கப்பூர்: ஒரு டாலர் மூலதனத்தில்கூட கம்பெனி தொடங்கலாம். ஆனால் அங்கேயே வசிக்கும் இயக்குநர் ஒருவராவது இருந்தாக வேண்டும். வெளிநாட்டு நிறுவனர்களுக்கான ‘என்ட்ரிபாஸ்’ அனுமதியும் முதலீடு திரட்டிய அல்லது புதுமையான தொழில்நுட்பம் வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத்தான்.

துபாய்: கம்பெனியோடு விசாவும் ஓரளவு எளிதாகக் கிடைப்பது இங்கேதான். ஃப்ரீ ஸோன் லைசென்ஸ் எடுத்தால் குடியிருப்பு விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். விசா, மருத்துவக் காப்பீடு, வீட்டு வாடகை எல்லாம் தனித்தனி. ‘வரியே இல்லை’ என்பதும் பழைய கதை. 2023 ஜூன் முதல், 3.75 லட்சம் திர்ஹத்தைத் தாண்டும் லாபத்துக்கு 9% கார்ப்பரேட் வரி உண்டு.

எஸ்டோனியா: 2014 டிசம்பரில் தொடங்கிய ‘இ-ரெசிடென்சி’ மூலம் ஐரோப்பிய கம்பெனியை ஆன்லைனிலேயே நடத்தலாம். பெயரில்தான் ‘ரெசிடென்சி’. அந்த அட்டையை வைத்து எஸ்டோனியாவுக்குள் நுழையக்கூட முடியாது.

ஜெயித்தவர்கள் எப்படிப் போனார்கள்?

ஸோஹோவின் ஸ்ரீதர் வேம்பு, ஐஐடி மெட்ராஸ் முடித்து பிரின்ஸ்டனில் படிக்கப் போனார்; குவால்காமில் வேலை பார்த்தார். 1996-ல் அட்வென்ட்நெட் தொடங்கியபோது அமெரிக்காவில் அவர் புது ஆள் இல்லை. இன்ஜினீயரிங் வேலை சென்னையில் நடந்தது. பின்னாளில் அவரே தென்காசி மாவட்டத்துக்குக் குடிவந்துவிட்டார்.

ஃப்ரெஷ்வொர்க்ஸ் கதை தலைகீழ். கிரீஷ் மாத்ருபூதம் 2010-ல் சென்னையில் தொடங்கினார். வாடிக்கையாளர்கள் வெளிநாட்டில் பெருகிய பிறகு தலைமையகம் கலிஃபோர்னியாவுக்குப் போனது. 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானது.

இரண்டுமே சாஃப்ட்வேர் தயாரிப்பு நிறுவனங்கள், சேவை நிறுவனங்கள் அல்ல. ஆனாலும் பாடம் பொருந்தும். ஒருவர் படிப்பு, வேலை வழியாக முதலில் ஊரைத் தெரிந்துகொண்டார். இன்னொருவர் இங்கிருந்தே வாடிக்கையாளரைப் பிடித்தார். கையில் வாடிக்கையாளரும் இல்லாமல், ஊரும் தெரியாமல், கம்பெனிப் பத்திரத்தோடு மட்டும் விமானம் ஏறிய கதை இதில் இல்லை.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

ரிசர்வ் வங்கி விதிப்படி, ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். வெளிநாட்டு கம்பெனியில் போடும் பணம் 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளுக்குள் வரும். வங்கி வழியாகப் படிவம் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். ‘நண்பர் கார்டில் கட்டிட்டு அப்புறம் பார்த்துக்கலாம்’ என்பது பின்னால் தலைவலி. முதலீடாக அனுப்பும் தொகை ரூ.10 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 20% டிசிஎஸ் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதை ஈடுகட்டிக்கொள்ளலாம். ஆனால் அதுவரை பணம் முடங்கும்.

நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இங்கே இருந்தால், வரிக்கணக்கில் நீங்கள் இந்தியாவில் வசிப்பவர்தான். அந்த வெளிநாட்டு கம்பெனிப் பங்கையும் வங்கிக் கணக்கையும் ரிட்டர்னில் காட்ட வேண்டும். மறைத்தால் 2015 கறுப்புப் பணச் சட்டப்படி ரூ.10 லட்சம் அபராதம் விதிக்க இடமுண்டு.

சரி, அப்போ எங்கே தொடங்குவது?

வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்ய வெளிநாட்டில் வசிக்க வேண்டியதில்லை. பொன்னேரியிலோ பழவேற்காட்டிலோ உட்கார்ந்து, இந்தியாவில் பதிவு செய்த சிறு நிறுவனத்தின் பெயரில் பில் போட்டு டாலரில் பணம் வாங்கலாம். ஆண்டு வரவு ரூ.20 லட்சம் தாண்டும்போது ஜிஎஸ்டி பதிவு தேவை. சேவை ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி பூஜ்யம். அதற்கு எல்யூடி எனும் உறுதிமொழிப் படிவத்தை ஆண்டுதோறும் ஆன்லைனில் கொடுத்தால் போதும்.

இப்படி இங்கே நடத்துவது பின்னால் விசாவுக்கும் உதவும். அமெரிக்காவின் எல்-1ஏ விசாவுக்கு, கடந்த 3 ஆண்டுகளில் தொடர்ச்சியாக 1 ஆண்டாவது இந்திய நிறுவனத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும். அங்கே கிளை திறக்கப் போகும் மேலாளருக்கு முதலில் 1 ஆண்டு அனுமதி கிடைக்கும். அதற்குள் கிளை உண்மையிலேயே ஓடுகிறது என்று காட்ட வேண்டும். அதாவது, இங்கே ஓடும் நிறுவனம்தான் அங்கே போக வழி திறக்கிறது.

ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டியவை

• நீங்கள் வாங்கித் தருவது பதிவா, விசாவா? விசா என்றால் எந்த வகை, எத்தனை ஆண்டுக்கு?

• இரண்டாம் ஆண்டு எவ்வளவு செலவாகும்? எழுத்தில் தருவீர்களா?

• வங்கிக் கணக்கு தொடங்க முடியாமல் போனால் பணம் திரும்ப வருமா?

• விசா மறுக்கப்பட்டால்?

‘முதலில் டூரிஸ்ட் விசாவில் வாங்க, மாத்திக்கலாம்’ என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஐடி வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவடியில் சைபர் மோசடிக் கும்பலிடம் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்களை 2022-ல் மீட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது. சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறையிடம் கேட்கலாம்.

போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நகையை அடகு வைப்பதற்கு முன், மாதாமாதம் பணம் தரும் ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளராவது கையில் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால், எந்த நாடு என்பதை அவர் இருக்கும் இடமே பாதி சொல்லிவிடும். இல்லையென்றால், லைசென்ஸுக்குக் கட்ட நினைத்த பணத்தில் ஒரு நல்ல லேப்டாப்பும் ஆறு மாதச் செலவும் போக, மிச்சம் வீட்டிலேயே இருக்கட்டும்.